எந்தத் துளையில் செருகினாலும் தராசு தெரிய வேண்டும்: சாதனப் பட்டியல் செயற்கூறுகளைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

ஈரோட்டில் மாசி பிறந்துவிட்டால் மஞ்சள் மண்டிகளில் நிற்க இடம் இருக்காது. விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம் என்று மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். கணினியின் விசைப்பலகைகூட ஒரே வாரத்தில் மஞ்சள் பூசிக்கொள்ளும். அப்படி ஒரு மண்டிக்கு எடை பதியும் சிறு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். மின்னணுத் தராசிலிருந்து சீரியல் கேபிள் வரும். யுஎஸ்பி மாற்றி வழியாகக் கணினிக்குள் போகும். நிரல் மூன்றாம் எண் காம் போர்ட்டை, அதாவது சீரியல் கருவிகளுக்கு விண்டோஸ் தரும் எண்ணிட்ட வாசலை, திறந்து எடையை வாசிக்கும்.

ஒரு நாள் காலையில் கணக்குப்பிள்ளை அழைத்தார். “ஏனுங்க தம்பி, மேசையைத் துடைத்துவிட்டு வயரை எடுத்த இடத்தில்தான் செருகினேன். எடை வரவில்லையே?”

எடுத்த இடத்தில் அவர் செருகவில்லை, பக்கத்துத் துளையில் செருகியிருந்தார். விண்டோஸ் அதைப் புதிய சாதனமாக எடுத்துக்கொண்டு ஏழாம் எண்ணைக் கொடுத்துவிட்டது. தவறு அவருடையது அல்ல. மூன்று என்ற எண்ணை நிரலுக்குள் ஆணி அடித்து வைத்தவன் நான்தான். இணைந்திருக்கும் போர்ட்டுகளைக் கேட்டு வாங்கி, அவற்றில் தராசு எது என்று நிரலே கண்டுபிடிக்கும்படி எழுதியிருக்க வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கித் தருபவைதான் சாதனப் பட்டியல் செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்). அவற்றோடு நான் மல்லுக்கட்டிய இரண்டு வாரங்களில் கற்றதை, இதில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில், சொற்களுக்கிடையே சிறுகோடு இட்டு எழுதியிருக்கிறேன். நிரலில் விண்டோஸ் பெயர்களை இடைவெளியின்றிச் சேர்த்தும், லினக்ஸ் பெயர்களை அடிக்கோடு இட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சற்றே சுயவிரோதமான அறிவுரை. உங்களுக்கு வேண்டியது காம் போர்ட்டுகளின் பட்டியல் மட்டும்தான், பைத்தான் தெரியும் என்றால், பைசீரியல் நூலகத்தின் லிஸ்ட்-போர்ட்ஸ் பகுதியைப் பயன்படுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். போர்ட்டின் பெயர், தயாரிப்பாளர் எண், பொருள் எண், வரிசை எண் எல்லாம் அதில் வந்துவிடும். அது போதாதபோது, அல்லது அது தரும் விடை தவறாகத் தோன்றும்போது, கீழே உள்ளவை தேவைப்படும்.

நிரலுக்கு முன் கண்ணால் பாருங்கள்

முதல் படி நிரல் எழுதுவது அல்ல. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற கிளையை விரித்து, இருப்பதைத் தாளில் எழுதுங்கள். பிறகு கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி எழுதுங்கள். வேறு துளையில் செருகி மூன்றாம் முறை எழுதுங்கள். லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையைக் கொண்டு இதே மூன்று தடவையும் செய்யலாம். இந்தத் தாள்தான் இனி உங்களுக்கு விடைத்தாள். நிரல் தரும் பட்டியல் இதோடு ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் நிரலில்தான் கோளாறு. இந்தத் தாள் இல்லாமல் தொடங்கினால், காலியாக வரும் பட்டியலைப் பார்த்து “சாதனம் இல்லை போலிருக்கிறது” என்று நம்பிவிடுவீர்கள். நான் ஒரு முழு மாலைப் பொழுது நம்பினேன்.

குடும்பமாகப் பாருங்கள், தனி ஆளாகப் பார்க்காதீர்கள்

விண்டோஸில் இந்த வேலையைச் செய்வது செட்டப்-ஏபிஐ என்ற நூலகம். பெயரே சொல்கிறது: சாதனங்களை நிறுவும் நிரல்களுக்காக எழுதப்பட்டது அது. நம்மைப் போல ஒரு தராசைத் தேடி வருபவர்களை மனத்தில் வைத்து அதன் ஆவணங்கள் எழுதப்படவில்லை. ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறது; எதை முதலில் அழைப்பது, எது எதற்குத் தீனி போடும் என்பது அந்தப் பக்கங்களுக்கு நடுவில் விழுந்துவிடுகிறது.

கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவருக்குத் துண்டு தெரியும், விலை தெரியாது. இந்த ஆவணங்களும் அப்படித்தான். அளபுருக்களின், அதாவது செயற்கூற்றை அழைக்கும்போது கொடுக்க வேண்டியவற்றின், பெயர்கள் தெரியும். அழைப்பவருக்கும் அழைக்கப்படுவதற்கும் இடையே உள்ள உடன்பாடு தெரியாது.

துண்டை விலக்க நல்ல வழி, செயற்கூறுகளின் அறிவிப்புகள் இருக்கும் ஹெட்டர் கோப்பைத் திறப்பது. ஒரே முன்னொட்டில் தொடங்கும் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, நான்கு வேலைகளாகப் பிரியுங்கள்: பட்டியலைத் திறப்பது, அடுத்ததை எடுப்பது, விவரம் கேட்பது, மூடுவது. செட்டப்-டிஐ என்ற முன்னொட்டில் இப்படிப் பிரித்தால், திறப்பதற்கு கெட்-கிளாஸ்-டெவ்ஸ், அடுத்ததற்கு ஈனம்-டிவைஸ்-இன்ஃபோ, விவரத்துக்கு கெட்-டிவைஸ்-ரெஜிஸ்ட்ரி-பிராப்பர்ட்டி, மூடுவதற்கு டெஸ்ட்ராய்-டிவைஸ்-இன்ஃபோ-லிஸ்ட் என்று நால்வரும் கிடைத்துவிடுவார்கள். திறப்பதன் பெயரில் ‘கெட்’ என்று இருப்பதைப் பார்த்து, மூட வேண்டியதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மூடாவிட்டால் நினைவகம் கசியும். நாள் முழுவதும் ஐந்து நொடிக்கு ஒருமுறை பட்டியல் எடுக்கும் நிரலில் அந்தக் கசிவு மாலைக்குள் தெரிந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் ஹெட்டர்களில் அளபுருக்களுக்கு முன்னால் இன், அவுட், இன்அவுட் என்ற குறிச்சொற்கள் அடிக்கோடுகளுக்கு நடுவே இருக்கும். பலர் இவற்றை அலங்காரம் என்று தாண்டிப் போகிறார்கள். இன் என்றால் நாம் தருவது, அவுட் என்றால் அது நிரப்புவது. இன்அவுட் என்றால் கவனம்: நாம் எதையோ நிரப்பிக் கொடுத்தால்தான் அது மீதியை நிரப்பும். ஆப்ட் என்ற வால் இருந்தால் அங்கே ‘நல்’, அதாவது எதையும் சுட்டாத வெற்று மதிப்பு, கொடுக்கலாம். ஆவணப் பக்கம் வழவழவென்று இருக்கும் இடங்களில் இந்த ஒற்றைச் சொல் நேராகப் பேசுகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த இயங்குதளமானாலும், எந்த நூலகமானாலும், பட்டியல் தரும் செயற்கூற்றிடம் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். இடத்தை யார் தருகிறார்கள், நாமா அதுவா? யார் விடுவிப்பது? பட்டியல் முடிந்ததை எப்படிச் சொல்லும்? தோல்வியை எப்படிச் சொல்லும்? இந்தக் கடைசி இரண்டும் வேறு வேறு என்பதுதான் புதியவர்கள் முதலில் வழுக்கி விழும் இடம்.

ஈனம்-டிவைஸ்-இன்ஃபோ சுழியம் முதல் எண்களை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சாதனமாகத் தரும். எல்லாம் தீர்ந்ததும் ‘பொய்’ என்று திருப்பும். ஏதாவது கோளாறு என்றாலும் அதே ‘பொய்’தான். வித்தியாசம் கெட்-லாஸ்ட்-எரர் சொல்லும் எண்ணில் இருக்கிறது: 259 என்றால் பட்டியல் முடிந்தது, வேறு எந்த எண்ணாக இருந்தாலும் நாம் எதையோ தப்பாகக் கொடுத்திருக்கிறோம். அந்த எண்ணைப் பார்க்காமல் ‘பொய் வந்தால் நிறுத்து’ என்று எழுதிய சுழற்சி, கோளாறைக்கூடக் காலிப் பட்டியலாகக் காட்டிவிடும். என்னுடைய முழு மாலை போனது இப்படித்தான். அந்த எண்ணை உடனே எடுத்து ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் திரையில் ஒரு வரி அச்சிட்டால்கூட அது மாறிவிடலாம். பைத்தானில் சிடைப்ஸ் (சி நூலகங்களை அழைக்க உதவும் பகுதி) வழியாக அழைப்பவர்கள், நூலகத்தை ஏற்றும்போதே கடைசிப் பிழையைக் காத்துவைக்கும் விருப்பத்தைக் கொடுத்துவிட்டு, சிடைப்ஸின் சொந்தச் செயற்கூற்றின் மூலம் அதைப் படிக்க வேண்டும்.

கெட்-கிளாஸ்-டெவ்ஸ் தோற்றால் நல் தராது. இன்வேலிட்-ஹேண்டில்-வேல்யூ என்ற மதிப்பைத் தரும். அது கழித்தல் ஒன்று. விடை ‘நல்’தானா என்று மட்டும் சோதித்தால் தோல்வியும் வெற்றியாகவே தெரியும். சிடைப்ஸில் இன்னொரு குழியும் உண்டு. திருப்பும் வகையைச் சொல்லாவிட்டால் அது 32 பிட் முழு எண் என்று எடுத்துக்கொள்ளும்; திறந்த பட்டியலைப் பிடித்துக்கொள்ளத் தரப்படும் 64 பிட் ஹேண்டிலின் தலை வெட்டுப்பட்டுவிடும். சில நாள் ஓடும், சில நாள் விழும். இப்படிப்பட்ட ‘சில நாள்’ பிழைகள்தான் ஆளைக் கொல்பவை.

விவரம் கேட்கும் செயற்கூறுகள் பெரும்பாலும் இரண்டு முறை அழைக்கப்பட வேண்டியவை. முதல் முறை இடமே கொடுக்காமல், அளவு சுழியம் என்று அழைக்க வேண்டும். அது ‘பொய்’ சொல்லும், பிழை எண் 122 வரும், கூடவே எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் எழுதிவைக்கும். இங்கே 122 தோல்வி அல்ல, அளவு நாடா. அந்த அளவுக்கு இடம் ஒதுக்கி இரண்டாம் முறை அழைத்தால் விவரம் வரும்.

இந்தக் கேள்விகளுக்கான விடைகளை ஆவணத்தில் தேடுவதைவிட, பத்து வரிச் சோதனை நிரல் எழுதிக் கண்டுபிடிப்பது விரைவு. இடம் போதாமல் கொடுத்துப் பாருங்கள். சுழியம் கொடுத்துப் பாருங்கள். விவரம் வந்து விழும் இடமான பஃபரை முன்கூட்டியே 204 என்ற ஒரே எண்ணால் நிரப்பிவிட்டு அழைத்து, எத்தனை பைட் மாறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அது எழுத்துகளை எண்ணுகிறதா, பைட்டுகளை எண்ணுகிறதா, இறுதிச் சுழியத்தையும் சேர்த்துக்கொள்கிறதா என்ற மூன்றும் ஒரே சோதனையில் தெளிந்துவிடும்.

1784 என்ற எண்ணின் கதை

கோவையில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் போய் “ஒரு பேரிங் கொடுங்கள்” என்றால், “எந்த எண்?” என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். 6203 என்று சொன்னால் கை தானாகவே பெட்டிக்குப் போகும். எண் சொல்லாமல் வேலை நடக்காது. செட்டப்-ஏபிஐயிலும் அதே நியாயம்தான். சாதன விவரத்துக்காக நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரக்சரிலும் (பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிய தரவு) முதல் உறுப்பாக சிபி-சைஸ் என்று ஒன்று இருக்கும். அதில் அந்த ஸ்ட்ரக்சரின் அளவை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். நூலகம் அந்த எண்ணைப் பார்த்துத்தான், அழைப்பவர் எந்த வடிவத்தை மனத்தில் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறது.

சாதனத் தகவல் ஸ்ட்ரக்சருக்கு இது எளிது: 32 பிட் நிரலில் 28, 64 பிட்டில் 32. சி மொழியில் சைஸ்-ஆஃப் போட்டால் தானே வந்துவிடும். தொல்லை தருவது இடைமுக விவரம் என்ற இன்னொரு ஸ்ட்ரக்சர். அதன் முதல் உறுப்பு 4 பைட் அளவு. அதன் பிறகு சாதனத்தின் பாதை, நீளம் முன்கூட்டித் தெரியாத சரமாக வரும். ஹெட்டரில் அந்தச் சரத்துக்கு ஒரே ஓர் எழுத்துக்கான இடம் மட்டும் அறிவிக்கப்பட்டிருக்கும். சிபி-சைஸில் எழுத வேண்டியது நீங்கள் ஒதுக்கிய முழு இடத்தின் அளவு அல்ல, அறிவிக்கப்பட்ட அந்தக் குட்டி வடிவத்தின் அளவு. 32 பிட்டில் ஒரு பைட் எழுத்து என்றால் 4-உம் 1-உம் சேர்ந்து 5. யூனிகோடு என்றால் 4-உம் 2-உம் சேர்ந்து 6. 64 பிட்டில் இரண்டுக்கும் 8, ஏனென்றால் அங்கே ஸ்ட்ரக்சர்கள் நெருக்கி அடுக்கப்படாமல் இடைவெளி விட்டு அடுக்கப்படுகின்றன. தப்பாக எழுதினால் 1784, அதாவது ‘பயனர் தந்த பஃபர் செல்லாது’ என்ற பிழை வரும். பஃபரில் ஒரு குறையும் இருக்காது. அதன் நெற்றியில் ஒட்டிய எண்தான் தவறு.

நான் இதைக் கற்றது மண்டியிலேயே நின்றுகொண்டு. பைத்தானில் ஸ்ட்ரக்சரைக் கையால் எழுதியிருந்தேன். சிடைப்ஸ் தன் வழக்கப்படி அதற்கு 8 பைட் கொடுத்தது. என்னுடைய 64 பிட் மடிக்கணினியில் அது சரியான விடை. தேர் போல ஓடியது. மண்டியில் இருந்ததோ பழைய 32 பிட் கணினி. அங்கே 6 வேண்டும். 1784 என்று திரையில் வந்து நின்றபோது பின்னால் மூன்று விவசாயிகள் மூட்டைகளோடு நின்றார்கள். ஸ்ட்ரக்சரின் அடுக்கு முறையை ஒன்று என்று குறிப்பிட்டதும் ஓடிவிட்டது, ஆனால் அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம். அன்றைக்கு எடையைக் கையால்தான் எழுதினார்கள்.

இரண்டு வகை அடையாளம்

கெட்-கிளாஸ்-டெவ்ஸுக்கு முதல் அளபுருவாக ஒரு ஜியுஐடி, அதாவது வேறெதற்கும் இல்லாத நீண்ட அடையாள எண், கொடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் சாதன வகுப்புக்கு ஒரு ஜியுஐடி, சாதன இடைமுகத்துக்கு வேறொரு ஜியுஐடி என்று இரண்டு வகைகள் உண்டு. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. போர்ட்ஸ் என்ற வகுப்புக்கு ஒன்று, காம் போர்ட் என்ற இடைமுகத்துக்கு இன்னொன்று. இடைமுக ஜியுஐடி கொடுத்தால் டிவைஸ்-இன்டர்ஃபேஸ் என்ற ஃபிளாக்கையும் (விருப்பத்தைச் சொல்லும் குறி) சேர்த்துக் கொடுக்க வேண்டும். வகுப்பு ஜியுஐடி கொடுத்தால் அந்த ஃபிளாக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் பிழை வராது. முறையான ஹேண்டில் வரும், காலிப் பட்டியல் வரும், 259 வரும். எல்லாம் ஒழுங்காக நடந்தது போலவே தெரியும். நம் விடைத்தாள் உதவிக்கு வருவது இங்கேதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது? காம் போர்ட்டுக்கு நான் வகுப்பு வழியையே சொல்வேன். சில ஓட்டிகள் (டிரைவர்கள்) இடைமுகத்தைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுகின்றன. வகுப்பில் அவை தப்பாமல் இருக்கும். பைசீரியலும் வகுப்பு வழியில்தான் போகிறது. ஆனால் வகுப்பில் பழைய அச்சுப்பொறிக்கான எல்பிடி போர்ட்டுகளும் சேர்ந்தே வரும். அவற்றைக் கழித்துவிட வேண்டும்.

பிரசென்ட் என்ற ஃபிளாக்கையும் மறக்கக் கூடாது. அது இல்லாமல் கேட்டால், எப்போதோ ஒருமுறை செருகிப் பிடுங்கிய சாதனங்கள் எல்லாம் எழுந்து வரும். ஊரை விட்டுப் போனவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் தொடர்ந்து வருவது போல. மண்டிக் கணினியில் அந்த ஃபிளாக் இல்லாமல் கேட்டபோது பதினோரு போர்ட் வந்தது. மேசையில் இருந்தது ஒரே ஒரு மாற்றி.

பட்டியல் என்பது கேட்ட நொடியில் எடுத்த புகைப்படம். அதன் பிறகு கேபிளைப் பிடுங்கினாலும் அந்தப் பட்டியல் தன்னைத் திருத்திக்கொள்ளாது. ஆகவே பட்டியலில் இருக்கிறது என்பதற்காகத் திறக்க முடியும் என்று நம்பக் கூடாது. திறக்கும்போது பிழை எண் 2 வந்தால் போர்ட் போய்விட்டது. 5 வந்தால் வேறு யாரோ அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் உங்கள் நிரலின் இன்னொரு பிரதியே.

தராசு எது?

இனி போர்ட்டின் பெயர். ஃப்ரெண்ட்லி-நேம் என்ற பண்பைக் கேட்டால், ‘யுஎஸ்பி சீரியல் போர்ட்’ என்ற பெயரும், அடைப்புக்குறிக்குள் காம் எண்ணும் சேர்ந்து வரும். அந்த அடைப்புக்குறியைத் தேடிப் பிடித்து எண்ணை வெட்டி எடுக்கும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே எழுதியும் இருக்கிறேன். வேண்டாம். அந்தச் சரம் மனிதர் பார்ப்பதற்காக வைக்கப்பட்டது. அது ஓட்டிக்கு ஓட்டி மாறும். ஓபன்-டெவ்-ரெக்-கீ மூலம் விண்டோஸ் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) அந்தச் சாதனத்தின் சாவியைத் திறந்து, போர்ட்-நேம் என்ற மதிப்பை வாசியுங்கள். பத்தும் அதற்கு மேலும் எண் உள்ள போர்ட்டுகளை வெறும் பெயரால் திறக்க முடியாது. பெயருக்கு முன்னால் \\.\ என்ற முன்னொட்டைச் சேர்க்க வேண்டும். ஒற்றை இலக்க எண்களுக்கும் அது பொருந்தும் என்பதால் எப்போதும் சேர்த்துவிடுவதே நல்லது.

ஹார்டுவேர்-ஐடி என்ற பண்பில் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் இருக்கும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர் சில்லு என்றால் 0403, 6001. இது ஒற்றைச் சரம் அல்ல, பல சரங்களின் தொடர். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சுழியம், எல்லாம் முடிந்ததும் இன்னொரு சுழியம். முதல் சுழியத்தோடு நிறுத்தினால் மீதியை இழப்பீர்கள்.

ஆனால் இந்த எண்கள் சொல்வது மாற்றியின் அடையாளத்தை மட்டுமே. அதன் மறுமுனையில் தராசு இருக்கிறதா, பார்கோடு வாசிப்பான் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பது மாற்றிக்குத் தெரியாது. எந்த ஆவணமும் இதைச் சொல்லாது, ஏனென்றால் அது அவர்கள் பாடு அல்ல. ஒரே கடையில் வாங்கிய இரண்டு மாற்றிகளுக்கும் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கும்.

வரிசை எண் உள்ள சில்லு என்றால் பிரித்தறியலாம். எஃப்டி232ஆரில் பொதுவாக அது இருக்கும். விலை மலிவான சிஎச்340 சில்லில் பொதுவாக இருக்காது. இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சாதன அடையாளச் சரத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அதன் இரண்டாவது எழுத்து ‘&’ என்ற குறியாக இருந்தால், அது விண்டோஸ் தானே உண்டாக்கிய அடையாளம்; செருகிய துளையைப் பொறுத்து மாறும். கணக்குப்பிள்ளை துளை மாற்றியதும் மூன்று ஏழானதற்குக் காரணம் இதுதான். மண்டியில் இருந்தது சிஎச்340.

வரிசை எண் இல்லாதபோது கடைசி வழி, போர்ட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்பது. எங்கள் தராசு 9600 வேகத்தில், நிறுத்தாமல் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும் வகை. ஒவ்வொரு போர்ட்டாகத் திறந்து இரண்டு நொடி கேட்டால், எடை வடிவில் வரி வரும் போர்ட்தான் தராசு. கேட்க மட்டும் செய்யுங்கள். அறியாத போர்ட்டில் எதையும் எழுதாதீர்கள். மறுமுனையில் ரசீது அச்சுப்பொறி இருந்தால் அது காகிதத்தைக் கக்கத் தொடங்கும். திறப்பதேகூடச் சில சாதனங்களைத் தொட்டுவிடும்: ஆர்டுயினோ யூனோ போன்ற பலகைகள் போர்ட் திறந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றன. அதனால் முதலில் தயாரிப்பாளர் எண்ணால் வடிகட்டி, மிஞ்சியவற்றை மட்டும் திறக்க வேண்டும்.

லினக்ஸில் கொஞ்சம்

லினக்ஸில் வேலை குறைவு. டெவ் அடைவில் சீரியல் என்பதற்குள் பை-ஐடி என்று ஒரு துணை அடைவு இருக்கும். அதில் தயாரிப்பாளர் பெயரும், இருந்தால் வரிசை எண்ணும் சேர்ந்த பெயரில் இணைப்புகள் இருக்கும். பல வேலைகள் அதிலேயே முடிந்துவிடும். யுஎஸ்பி மாற்றியின் சீரியல் போர்ட்டுக்கு (டிடிஒய்) லினக்ஸ் வைக்கும் டிடிஒய்-யுஎஸ்பி-0 என்ற பெயரை மட்டும் நிரலில் எழுதாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நின்று மாலையில் திரும்பும் நாளில், இரண்டு மாற்றிகள் உள்ள கணினியில் 0-உம் 1-உம் இடம் மாறிக்கொள்வது சர்வ சாதாரணம்.

நிரல் வழியாகவே வேண்டும் என்றால் லிப்யுடெவ் நூலகம். அதில் பெயரே உரிமையைச் சொல்லிவிடும்: ‘நியூ’ என்று உள்ள செயற்கூறு தருவது உங்களுடையது, நீங்கள்தான் அன்ரெஃப் செய்து விடுவிக்க வேண்டும். ‘கெட்’ என்று உள்ளது தருவது இரவல், தொடக் கூடாது. குறிப்பாக, டிடிஒய் சாதனத்திலிருந்து அதன் யுஎஸ்பி பெற்றோரைக் கேட்டு வாங்கும்போது, அந்தப் பெற்றோர் பிள்ளையோடு ஒட்டியே இருக்கும். பிள்ளையை விடுவித்தால் பெற்றோரும் போய்விடும். தனியாக விடுவித்தால் நிரல் நொறுங்கும். இன்னொரு வழுக்கல்: பட்டியலைக் கேட்பதற்கு முன் ஸ்கேன்-டிவைசஸ் என்பதை அழைக்க வேண்டும். மறந்தால் நல்தான் கிடைக்கும். சாதனமே இல்லாவிட்டாலும் அதே நல். பட்டியலின் ஒவ்வோர் உருப்படியிலும் இருப்பது சாதனம் அல்ல, சிஸ் அடைவில் அதன் பாதை. அந்தப் பாதையைக் கொண்டு சாதனத்தைத் தனியாக உண்டாக்க வேண்டும். டிடிஒய் வகுப்பை அப்படியே கேட்டால் கன்சோல் முனையங்களும் சேர்ந்து பல பத்து வரும். யுஎஸ்பி பெற்றோர் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யுஎஸ்பி சாதனங்களோடு நேரடியாகப் பேசும் லிப்யுஎஸ்பி நூலகத்தின் வழியில் போகிறவர்களுக்கு ஒன்று. கெட்-டிவைஸ்-லிஸ்ட் என்பதில் ‘கெட்’ இருந்தாலும், ஃப்ரீ-டிவைஸ்-லிஸ்ட் மூலம் நீங்கள்தான் விடுவிக்க வேண்டும். மேலே சொன்ன பெயர் நியாயம் இந்த வீட்டில் செல்லாது. பட்டியலை விடுவித்த பிறகும் ஒரு சாதனம் வேண்டும் என்றால் முன்னதாகவே அதற்கு ரெஃப் போட்டு, ‘இன்னும் எனக்கு வேண்டும்’ என்று சொல்லி வைக்க வேண்டும். எண்களைப் படிக்கத் திறக்க வேண்டியதில்லை. பெயர்ச் சரங்களைப் படிக்கத் திறந்தாக வேண்டும், அப்போது கழித்தல் 3 வந்தால் அனுமதி இல்லை என்று பொருள்.

பிறர் செய்த சோதனைகளைத் திருடுங்கள்

விண்டோஸ் செயற்கூறுகளைப் பற்றி நான் படித்ததில் மிகத் தெளிவானது ஆவணமே அல்ல, வைன் திட்டத்தின் மூலநிரல். லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டுவதற்காக அதே செயற்கூறுகளைப் புதிதாக எழுதியவர்கள் அவர்கள். செட்டப்-ஏபிஐ அடைவுக்குள் சோதனைகளுக்கான துணை அடைவு ஒன்று உண்டு. அந்தச் சோதனைகள் உண்மையான விண்டோஸிலும் ஓட்டிப் பார்க்கப்படுபவை: நல் கொடுத்தால் என்ன பிழை எண், அளவு தப்பானால் என்ன எண் என்று வரிக்கு வரி எழுதியிருக்கும். நான் பத்து வரிச் சோதனை எழுதிக் கண்டுபிடித்தவற்றில் பாதி அங்கே ஏற்கெனவே இருந்தது. பைசீரியலின் விண்டோஸ் பட்டியல் கோப்பும் ஒரே மாலையில் படித்துவிடக்கூடிய அளவு சிறியது.

செருகுவதையும் பிடுங்குவதையும் நிரல் உடனே அறிய வேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் அறிவிப்பு கேட்கத் தொடங்குங்கள், பிறகு பட்டியல் எடுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் இடையே செருகப்பட்ட சாதனம் இரண்டிலும் விழாமல் போகும். சரியான வரிசையில் செய்தால் ஒரே சாதனம் இரண்டு முறை வரக்கூடும். அதைக் கழிப்பது எளிது.

முடிந்தது என்று நினைத்ததும், இருக்கும் எல்லாத் துளைகளிலும் மாற்றிச் செருகி ஓட்டுங்கள். சுழற்சி ஓடும்போதே கேபிளைப் பிடுங்குங்கள். 32 பிட், 64 பிட் இரண்டிலும் ஓட்டுங்கள். கடைசியாக ஒரே மாதிரியான இரண்டு மாற்றிகளைச் செருகி ஓட்டுங்கள்.

இந்தக் கடைசிச் சோதனையை நான் மண்டியில் செய்தபோது கணக்குப்பிள்ளை பக்கத்தில் நின்றார். “இனி எந்த ஓட்டையில் செருகினாலும் வருமா தம்பி?” என்று கேட்டார். “வருமுங்க ஐயா” என்றேன். ஆனால் அடுத்த அறையில் இருந்த இரண்டாவது தராசு, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் வகை, அதற்கும் சிஎச்340தான். காது கொடுத்தாலும் சத்தம் வராது, எழுதிப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேபிளிலும் அதற்கான துளையிலும் சிவப்பு டேப் ஒட்டிவிட்டு வந்தேன்.